முன்சில்லு இழுக்காத காலமை

மல்லாக்கக் கிடக்கிறன். முதுகுக்குக் கீழை மாரிச்சேறு. மூஞ்சிக்கு நேரை வாகனத்தின்ரை அடிவயிறு. அதிலையிருந்து கறுத்த எண்ணெய் சொட்டுச் சொட்டா நெத்தியிலை விழுகுது. தலைமாட்டிலை ஒரு சோடி சப்பாத்து வந்து நிண்டு கேட்டுது:

"சிவமண்ணை, இன்னும் எவ்வளவு நேரம்?"

"என்னட்டைக் கேளாதையும். வாகனத்திட்டைக் கேளும்," எண்டன்.

சப்பாத்துக்குள்ளை நிண்டவன் ரஞ்சன். எங்கடை தளத்துக்குப் பொறுப்பாளன். என்னிலும் கன வயசு இளசு. நல்ல பெடியன்தான், ஆனால் மேலிடத்திலையிருந்து போன் வந்தால் எழும்பி நிண்டுதான் கதைப்பான். அண்டைக்குக் காலமை தொடக்கம் போன் வந்துகொண்டேயிருந்தது.

போன கிழமை இந்தப் பத்தியிலை நான் பஸ் ஓட்டின காலத்தைப் பற்றி எழுதினன். இது அதுக்குப் பிறகு, கண்ணிவெடி எடுக்கிற நிறுவனமொண்டிலை நான் அம்புலன்ஸ் ஓட்டின காலம். நிறுவனத்தின்ரை பேர் வேண்டாம். இடம் யாழ்ப்பாணக் குடாநாட்டு வாசலிலை, முகமாலைப் பக்கம். நடந்து இரண்டு மூண்டு மாரி போயிருக்கும். இதை எழுதவேணுமோ எண்டு கனநாள் யோசிச்சன். எழுதாமல் விட்டாலும் அது என்னை விடுறதாக் காணேல்லை.

விடிஞ்சால் முதல் வேலை

கண்ணிவெடி எடுக்கிறதெண்டால் கனபேர் படத்திலை வாற மாதிரி நினைக்கினம். ஒரு கோதாரியுமில்லை. முழங்காலிலை நிண்டு நிலத்தை விரக்கடை விரக்கடையா, விரலகலம் விரலகலமாச் சுரண்டுற வேலை. எங்கடை தளத்திலை அரைவாசிக்கு மேலை பொம்பிளைப் பிள்ளையள். வீட்டிலை உழைக்க வேறை ஆளில்லாததுகள். முகத்துக்குக் கண்ணாடி மறைப்பும் நெஞ்சுக்குப் பாரமான கவசமும் போட்டுக்கொண்டு, விடியத் தொடங்கினால் மத்தியானம் வரைக்கும் குனிஞ்சபடி.

அவையள் நிலத்திலை கை வைக்க முதல் நான் ஒரு வேலை செய்யவேணும். எங்கடை தளத்துக்கும் கண்டி வீதிக்கும் இடையிலை ஒரு பள்ளம் கிடக்குது. கோடையிலை பொடிமண், மாரியிலை உழுத வயல். அம்புலன்ஸை அதுக்குள்ளை இறக்கி ஏத்திக் காட்டவேணும். நாலு சில்லும் சேர்ந்து இழுத்தால்தான் ஏறும். ஏறினால் ரஞ்சன் விசில் ஊதுவான், வேலை தொடங்கும். ஏறாட்டி விசில் இல்லை. ஒரு பிள்ளைக்குக் கால் போனால் அதை வெளியிலை கொண்டுபோக வழியில்லாத இடத்திலை ஒருத்தரும் வேலை செய்யக்கூடாது. இதுதான் சட்டம். இவ்வளவு காலத்திலை நான் கேள்விப்பட்ட சட்டங்களிலை, முழு மனசோடை சரியெண்டு நினைச்சது இது ஒண்டைத்தான்.

மற்றப்படி எனக்கு வேலையே இல்லை. ஆசனத்திலை இருந்து பேப்பர் வாசிக்கிறதுதான். பிள்ளையள் பகிடி பண்ணுவினம்: "சிவமண்ணைக்கு வேலை வரக்கூடாதெண்டு நாங்கள் நேத்தி வைச்சிருக்கிறம், அவர் எங்களிலையே எரிஞ்சு விழுறார்!" உண்மைதான். எனக்கு வாய் கொஞ்சம் காரம். என்ரை மனிசியும் இதைத்தான் சொல்லுறவா.

மினுக்கின விளக்கு

வாகனம் வெள்ளை டபிள் கப் பிக்கப். பின்னுக்குக் கூடு போட்டு, ஸ்ரெச்சர் வைச்சு அம்புலன்ஸ் ஆக்கினது. பெரிய கியருக்குப் பக்கத்திலை ஒரு குட்டிக் கியர் இருக்கு. அதை இழுத்துப் போட்டால் முன்சில்லும் வேலைக்கு வரும். வந்திட்டுதெண்டால் முன்னுக்கு ஒரு பச்சை விளக்கு நிண்டு எரியும்.

அண்டைக்குக் காலமை குட்டிக் கியர் வழமை போலை "கிளுக்" எண்டு விழுந்தது. விளக்கு மினுக்கிச்சுது. நிண்டு எரியேல்லை.

சரி, பல்லுப் பொருந்தேல்லையாக்கும் எண்டு கொஞ்சம் பின்னுக்கு எடுத்தன். மினுக்கிச்சுது. கியரைக் கழட்டித் திரும்பப் போட்டன். மினுக்கிச்சுது. பள்ளத்தின்ரை வாயிலை மெல்ல இறக்கிப் பாத்தன். பின்சில்லு இரண்டும் சேத்தை வாரி எறியுது, முன்சில்லு கோயில் மாடு மாதிரிச் சும்மா நிக்குது. நல்லகாலம், முழுக்க இறங்க முதலே பின்னுக்கு எடுத்திட்டன்.

ரஞ்சனிட்டைச் சொன்னன்: "தம்பி, விசில் ஊதாதையும்."

அவன் முகம் கறுத்துப் போச்சுது. வேறை வாகனம் கேட்டுப் போன் எடுத்தான். ஒண்டு மன்னாரிலை, மற்றது திருத்துறதுக்குக் கராச்சிலை. மத்தியானத்துக்குப் பிறகுதான் ஏதும் அனுப்பலாமாம். போனை வைச்சிட்டு என்னட்டை வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அண்ணை, அந்த விளக்குக்குப் போற வயரை ஒட்டிவிட்டால் நிண்டு எரியும்தானே? இண்டைக்கு ஒரு நாள்."

எனக்கு வந்த கோவம்! "விளக்கு எரியும். சில்லு ஆர் உருட்டுறது, நீரோ? வெடிக்காணிக்குள்ளை போய்க் குந்தப்போற பிள்ளையளுக்கு விளக்கையோ காட்டப் போறீர்?"

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, சிவமண்ணை. நான் சும்மா கேட்டனான்," எண்டு போட்டுப் போனான். சும்மா கேக்கேல்லை எண்டு இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் நான் ஒரு பேச்சுப் பேசின பிறகு அவன் விசிலைச் சட்டைப் பைக்குள்ளை வைச்சிட்டான். அதுக்கு அவனை மெச்சவேணும்.

ஓடும், ஓடும்

ரஞ்சனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கடை சனத்துக்கே இது ஊறிப்போன குணம். சண்டையிலை பெற்றோல் வராத காலத்திலை மண்ணெண்ணெயிலை கார் ஓட்டினனாங்கள். கிடைச்ச கொஞ்சப் பெற்றோலை ஒரு சின்னப் போத்திலிலை வைச்சு, துளியா விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவம். புகை கண்ணைக் குத்தும், கார் கலியாண வீட்டுக்கும் போகும், பிள்ளைப்பேறுக்கும் போகும். அப்பிடி வளந்த ஆக்களிட்டை "இது ஓடாது" எண்டு சொன்னால் ஆர் கேப்பினம்? ஏதாவது செய்தால் ஓடும், ஓடும் எண்டுதான் சொல்லுவினம்.

எண்ணெய் அடிக்கிற பழக்கமும் அப்பிடித்தான். எங்கடை குடாநாட்டிலை எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புக்காத்து. வாகனத்தின்ரை அடித்தகடு இரண்டு மாரி தாங்காது, கறள் பிடிச்சுத் துருவாக் கொட்டும். அதுக்கு எங்கடை ஆக்கள் கண்ட மருந்து, எஞ்சினிலையிருந்து கழட்டின பழைய எண்ணெய். மாரிக்கு முதல் அதை அடிப்பக்கம் முழுக்க விசிறிவிடுவினம். கொழும்பிலை இதைச் சொன்னால் சிரிப்பாங்கள். ஆனால் இஞ்சை பஸ்சுக்கும் அடிப்பினம், ஓட்டோவுக்கும் அடிப்பினம். என்ரை சொந்த வானுக்கு நானே அடிச்சிருக்கிறன். எங்கடை அம்புலன்ஸுக்கும் கராச்சிலை வருசா வருசம் ஆசை தீர அடிச்சு விடுவாங்கள்.

நாகராசா அண்ணை

நான் வாகனத்துக்குக் கீழை பூர முதலே அவர் வந்திட்டார். நாகராசா அண்ணை. அந்தக் காணிக்குச் சொந்தக்காரர். அறுபதைத் தாண்டின, நரம்பு நரம்பாக் கிடக்கிற மனிசன். சண்டையாலை ஊரை விட்டு வெளிக்கிட்டவர், இருபது வருசத்துக்கு மேலை கொடிகாமத்திலை வாடகை வீட்டிலை மனிசி பரமேசோடை சீவியம். நாங்கள் அந்தக் காணியிலை வேலை தொடங்கின நாள் தொட்டு, காலமையிலை சைக்கிளிலை வந்து, வெடி கிடக்கிற இடத்துக்கு எல்லையா ஊண்டின சிவப்புத் தடிக்கு வெளியிலை நிண்டு பாத்துக்கொண்டு நிப்பார். ஆளாலை ஒருத்தருக்கும் அரியண்டம் இல்லை. பிள்ளையள் தேத்தண்ணி குடுத்தால் குடிப்பார்.

காணியிலை மிச்சம் கிடந்தது கிணத்தடி மட்டும்தான். முதல் நாள் ரஞ்சன் வாய் தவறி, "நாளைக்குக் கிணத்தடி முடியும் ஐயா, கிட்டப் போய்ப் பாக்கலாம்" எண்டு சொல்லிப்போட்டான். மனிசன் அண்டைக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வேலையில்லை எண்டவுடனை நேரை என்னட்டை வந்தார்.

"உம்மடை வாகனத்துக்கும் என்ரை கிணத்துக்கும் என்ன தம்பி?"

"கிணத்துக்கும் வாகனத்துக்கும் ஒண்டுமில்லை அண்ணை. பிள்ளையளின்ரை காலுக்கும் வாகனத்துக்கும் இருக்கு."

"நான் இவ்வளவு நாளும் நிண்டு பாக்கிறன். ஒரு நாள் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் வந்ததோ?"

"வராமல் பாக்கத்தானே அண்ணை நான் இஞ்சை இருக்கிறன். வீட்டை போங்கோ. நாளைக்கு வாங்கோ."

"நாளைக்கு, நாளைக்கு," எண்டார். "இருபது வருசமா எனக்கு இதைத்தானே சொல்லுறியள்."

சாக்கை விரிச்சுக் கீழை பூந்திட்டன். அவர் போயிட்டார் எண்டுதான் நினைச்சன். எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சம்.

ஊதினால் போகுது

குட்டிக் கியர் வேலை செய்யுது, முன்பக்கத் தண்டு சுத்துது. அப்ப கோளாறு அதுக்கு அங்காலை. முன் அச்சுக்குள்ளை ஒரு கவைக்கம்பி இருக்கு. அது நகர்ந்தால்தான் சில்லும் தண்டும் ஒண்டாப் பூட்டும். அந்தக் கவையை இழுக்கிறது எஞ்சினின்ரை உறிஞ்சல். உறிஞ்சல் ஒரு ரப்பர்க் குழாய் வழியா வந்து, சின்னத் தகரப் பேணி மாதிரி ஒண்டுக்குள்ளை போகும். பேணி இழுக்கும், கவை நகரும், விளக்கு நிண்டு எரியும். இவ்வளவுதான் சங்கதி.

பியூஸைப் பாத்தன், நல்லது. பேணியிலை குழாய் பூட்டுற மூக்கிலை வாயை வைச்சு உறிஞ்சிப் பாத்தன். நாக்கை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டுது. பேணி ஓட்டையில்லை. எஞ்சின் பக்கம் குழாயைக் கழட்டி, டிலானியை ஸ்ராட் பண்ணச் சொல்லிப்போட்டு விரலை வைச்சன். விரலை இழுக்குது. அங்கையும் சரி. டிலானி எங்கடை மருத்துவப் பிள்ளை, எந்த நேரமும் என்னோடைதான் அம்புலன்ஸிலை இருப்பாள்.

அப்ப இடையிலை கிடக்கிற குழாய்தான். கழட்டினன். வெடிப்பில்லை. எலி கடிச்ச அடையாளமில்லை. ஒரு நுனியிலை ஊதினன், மற்ற நுனியாலை காத்து வடிவாப் போகுது.

எனக்கு விசர் பிடிச்சுது. அந்தப் பக்கம் நல்லம், இந்தப் பக்கம் நல்லம், நடுவிலையும் நல்லம். அப்ப என்ன கோதாரிக்கு வேலை செய்யேல்லை? குழாயைப் பூட்டினன், பாத்தன், மினுக்கிச்சுது. கழட்டினன். ஊதினன். போகுது. திரும்பப் பூட்டினன். நேரம் போச்சுது. ரஞ்சன்ரை சப்பாத்து வந்தது, போச்சுது.

"அண்ணை, நீங்கள் ஊதிக்கொண்டே இருக்கிறியள்," எண்டாள் டிலானி, மேலையிருந்து. "எஞ்சின் ஊதுறேல்லையே, உறிஞ்சுறதுதானே?"

அட! குழாயை வாயிலை வைச்சு உறிஞ்சினன். ஒரு மூச்சும் வரேல்லை. என்ரை கைக்குள்ளையே குழாய் அப்பளம் மாதிரித் தட்டையாப் போச்சுது. வெட்டிப் பாத்தால், அடித்தகட்டோடை ஒட்டிக்கிடந்த பக்கம் முழுக்கப் பழைய எண்ணெயைக் குடிச்சு வீங்கி, களி மாதிரிக் கிடக்குது. ஊதினால் திறக்குது, உறிஞ்சினால் மூடுது. கறள் பிடிக்கக்கூடாதெண்டு நாங்கள் விசிறின எண்ணெய் ரப்பரைத் திண்டிட்டுது.

"டிலானி, பிடிச்சிட்டன்!" எண்டு கத்தினன்.

என்ரை சத்தம் அடங்க முதல் அந்தச் சத்தம் கேட்டுது.

சிவப்புத் தடிக்கு அங்காலை

வெடிச்சத்தம் எங்களுக்குப் புதுசில்லை. எடுத்ததுகளைச் சேத்து வைச்சு நாங்களே வெடிக்க வைக்கிறனாங்கள். ஆனால் அதுக்கு முதல் விசில் ஊதுவினம். இதுக்கு விசில் இல்லை.

நான் வெளியிலை ஊர்ந்து வர, பிள்ளையள் எல்லாரும் ஓய்வுக் கொட்டிலுக்கு முன்னாலை எழும்பி நிக்கினம். ஒருத்தரும் குறையேல்லை. பிறகுதான் பாத்தன், பனையோடை சாத்தின சைக்கிள் அப்பிடியே நிக்குது.

மனிசன் தண்டவாளப் பக்கத்தாலை சுத்திப் போயிருக்கிறார். அங்காலை வேலியில்லை, நாங்கள் ஊண்டின சிவப்புத் தடியள்தான். வேலை நடக்கேக்கை அந்தப் பக்கம் ஒருத்தர் நிப்பார். அண்டைக்கு வேலையில்லை, அதாலை ஆளுமில்லை. கிணத்துக் கட்டு கண்ணுக்கு எட்டின தூரம். எட்டிப் பாத்திட்டு வருவம் எண்டு போயிருக்கிறார்.

"ஐயோ, என்ரை முருகா" எண்டு அவர் கத்தின சத்தம் இப்பவும் காதிலை கிடக்குது. ஓடிப்போய்த் தூக்கவேணும் போலை இருக்கு. ஆனால் ஓட ஏலாது. அவர் நடந்த வழியிலை இன்னும் என்னென்ன கிடக்குதோ ஆருக்குத் தெரியும்? பாதை வெட்டித்தான் போகவேணும்.

அம்புலன்ஸ் சரியில்லை எண்டால் ஒருத்தரும் இறங்கக்கூடாது. அதுதான் சட்டம். ரஞ்சன் என்னைப் பாத்தான், நான் அவனைப் பாத்தன். அவன் கவசத்தைக் கொழுவிக்கொண்டு முதல் ஆளாத் தானே முழங்காலிலை இருந்தான். காலமை அவனை நான் பேசின பேச்சு எனக்கே நெஞ்சிலை குத்திச்சுது. பின்னாலை இரண்டு பிள்ளையள் போய் இருந்திச்சினம். விரக்கடை விரக்கடையாச் சுரண்டத் தொடங்கிச்சினம். அவர் அங்கை கத்துறார், இவையள் இஞ்சை சுரண்டுகினம். அவசரப்படவும் ஏலாது, ஆறுதலாச் செய்யவும் ஏலாது. அதைப் பாக்கிற கொடுமையை எந்த எதிரிக்கும் குடுக்கக்கூடாது.

நான் திரும்பக் கீழை பூந்தன். குழாய் வேணும். உறிஞ்சினாலும் தட்டையாகாத குழாய்.

"சேலைன் ரியூப் போதுமோ அண்ணை?" டிலானி ஒண்டைப் பிரிச்சு நீட்டினாள். ஒடுக்கமான ரியூப்தான், ஆனால் விறைப்பானது. இரண்டு நுனியையும் ஒட்டுப்பிளாஸ்டராலை சுத்திச் சுத்தி இறுக்கினன். ஏறி ஸ்ராட் பண்ணிக் குட்டிக் கியரைப் போட்டன். விளக்கு மினுக்கிச்சுது, மினுக்கிச்சுது, நிண்டுது. பச்சையா, ஆடாமல் நிண்டுது. நான் ஸ்ரேறிங்கிலை தலையை வைச்சு அழுதன். வெக்கமில்லாமல் சொல்லுறன், அழுதன்.

பாதை அவரிட்டைப் போய்ச் சேரேக்கை வெயில் ஏறியிட்டுது. டிலானி காலைக் கட்டினாள். இடதுகால் முழங்காலுக்குக் கீழை இல்லை, வயித்திலையும் காயம். ஸ்ரெச்சரிலை கொண்டுவந்து ஏத்தினம். பள்ளத்துக்குள்ளை இறக்கினன். நாலு சில்லும் இழுத்துது. ஒரு இடத்திலையும் சறுக்கேல்லை. மினுக்கவே தெரியாத மாதிரிப் பச்சை விளக்கு எரிஞ்சுகொண்டு வந்துது.

கண்டி வீதிக்கு ஏறினவுடனை பின்னாலையிருந்து அவர் கூப்பிட்டார்.

"தம்பி."

"சொல்லுங்கோ அண்ணை. இன்னும் கொஞ்சத் தூரம்தான்."

"பரமேசுக்குச் சொல்லிப்போடாதையும். அவள் ஏசுவாள்."

செத்த வீடு

பளை ஆசுப்பத்திரியிலை இரத்தமும் சேலைனும் ஏத்தி, யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரிக்கு அனுப்பிச்சினம். கால் போனதோடை நிண்டிருந்தால் தப்பியிருப்பார். வயித்துக் காயம் விடேல்லை. ஒரு கிழமை தாண்டேல்லை.

இடையிலை விசாரணை நடந்தது. கொழும்பிலையிருந்து ஆக்கள் வந்து, வாகனத்தைப் பாத்து, எல்லாரையும் கேட்டினம். என்னிலை ஒரு பிழையுமில்லையாம். வேலையை நிப்பாட்டினது முழுக்கச் சரியாம். மற்றத் தளங்களுக்கும் முன்மாதிரியாம். ஒருத்தர் என்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கினார். எனக்கு அந்தக் கையை உதறிவிட வேணும் போலை இருந்தது.

நான் நூறுதரம் யோசிச்சுப் பாத்திட்டன். அண்டைக்கு வேலை நடந்திருந்தால் அந்த மனிசன் வழமை போலை வெளியிலை நிண்டு தேத்தண்ணி குடிச்சிருப்பார். மத்தியானம் கிணத்தடி முடிஞ்சிருக்கும். வேலை நடந்து ஒரு பிள்ளைக்கு வெடிச்சிருந்தால், பள்ளத்துக்குள்ளை புதைஞ்ச வாகனத்திலை அந்தப் பிள்ளை செத்திருக்கும். எந்தப் பக்கத்தாலை போனாலும் கடைசியிலை நான் அதே இடத்திலைதான் வந்து நிக்கிறன். இண்டைக்கு அந்த விளக்கு மினுக்கினாலும் விசில் ஊதாதையும் எண்டுதான் சொல்லுவன்.

செத்த வீட்டுக்குத் தனியத்தான் போனன். கொடிகாமத்திலை அந்த வாடகை வீடு. முற்றத்திலை பந்தல், பறைச்சத்தம். ஆம்பிளையள் பிளாஸ்ரிக் கதிரையளிலை இருந்து கதைச்சுக்கொண்டிருந்தினம். நானும் ஒண்டிலை இருந்தன். பரமேசக்கா உள்ளுக்கு இருந்தவா, என்னைக் கண்டிட்டு எழும்பி வெளியிலை வந்தா. சனம் எல்லாம் திரும்பிப் பாத்துது. நான் எழும்பி நிண்டன்.

"நீர்தானே வேலையை நிப்பாட்டினது?"

"ஓம் அக்கா."

"அவர் சொன்னவர். ஆசுப்பத்திரியிலை நினைவு இருக்கேக்கை சொன்னவர். உம்மிலை பிழையில்லையாம், தன்ரை அவசரம்தானாம்." அவ அழேல்லை. அழுது முடிஞ்ச குரல். "நீர் செய்தது சரிதான். அந்தப் பிள்ளையளையும் ஒரு தாய் பெத்துத்தானே விட்டிருக்கிறாள். எனக்கு விளங்குது."

ஏதோ சொல்ல வாயெடுத்தன். அவ கையைக் காட்டி நிப்பாட்டினா.

"ஆனால் உம்மடை முகத்தைப் பாக்க எனக்கு ஏலாது தம்பி. இனி இஞ்சை வராதையும்."

செத்த வீட்டிலை "போயிட்டு வாறன்" எண்டு சொல்லுறேல்லை. நான் ஒண்டும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு படலையாலை வெளிக்கிட்டன்.